பதினான்கு சிவப்பு மூடிகள்

ஜூன் 2, திங்கள்

பயிற்சி தொடங்கிவிட்டது. மொத்தம் எட்டுப் பேர். ஏழு பேர் இந்த வருடம்தான் கல்லூரி முடித்த பிள்ளைகள். எட்டாவது ஆள் நான், வயது முப்பத்து நான்கு. உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றாள். நான்தான் பயிற்சி கொடுக்க வந்திருப்பவள் என்று நினைத்துவிட்டாள். மறுக்க மனம் வராமல் தலையை ஆட்டிவைத்தேன். நிஜமான மேடம் பத்து நிமிடம் கழித்து வந்தார். பெயர் ஃபர்சானா, ஆய்வகத்தின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. இருபத்தெட்டு வயதுக்கு மேல் இருக்காது.

தண்ணீரிலும் மண்ணிலும் கலந்திருக்கும் நஞ்சைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை. முதலில் மாதிரி எடுக்கக் கற்க வேண்டும், பிறகு பரிசோதனை. மூன்று மாதம் முடிந்ததும் எட்டில் மூன்று பேரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். ஒன்பது வருடம் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்திய எனக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும்? பள்ளிக்கூட வேலையை விட்டதற்கு வீட்டில் இன்னும் முணுமுணுப்பு ஓய்ந்தபாடில்லை. இந்த இடம் எனக்கு வேண்டும்.

முதல் நாள் பாடம் பாட்டில் கழுவுவது. சாயங்காலம் வரை அதேதான்.

ஜூன் 5, வியாழன்

பாட்டில்களுக்கு மூன்று நிற மூடிகள். நீல மூடி பொதுச் சோதனைக்கு, வெள்ளை மூடி கிருமிச் சோதனைக்கு, சிவப்பு மூடி உலோகங்களுக்கு. ஆழ்குழாயில் பிடிப்பதாக இருந்தால் முதலில் ஐந்து நிமிடம் மோட்டாரை ஓடவிட வேண்டும். குழாயில் தேங்கிக் கிடந்தது போய், நிலத்தடித் தண்ணீர் வர வேண்டும். நீல மூடி பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். நான் அலசியதைப் பார்த்து ஃபர்சானா, "எல்லாரும் கோகிலவாணி பண்றதைப் பாருங்க" என்றார். என்னைவிட ஆறு வயது சின்னவர் பாராட்டினாலும் பாராட்டு பாராட்டுதான்.

வரும் வழியில் புளி வாங்கினேன்.

ஜூன் 10, செவ்வாய்

மாதிரி எடுக்கப் போகும்போது முகத்துக்குப் பவுடர் கூடாதாம். அதில் இருக்கும் துத்தநாகம் விரல் வழியாகப் பாட்டிலுக்குள் போய்விடுமாம். மோதிரத்தையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் கேட்கிறார், "அடுத்த வாரம் என்னையும் கழட்டி வெச்சுட்டு வரச் சொல்லுவாங்களா?"

ஜூன் 18, புதன்

நாளை முதன்முறையாக வெளியூர். தொட்டிக்கரடு என்ற ஊரில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிக்கொண்டிருந்த பட்டறை ஒன்றுக்குக் கோடையில் சீல் வைத்திருக்கிறார்கள். சுற்றியுள்ள தண்ணீரில் ஈயம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதினான்கு இடங்கள். ஏழு எனக்கு, ஏழு ஜெபசிங்குக்கு. அவன் என்னோடு பயிற்சி எடுப்பவன், நாகர்கோவில்காரன். ஃபர்சானா அவனுடன் போகிறார். என்னைத் தனியாக அனுப்பலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

பதினான்கு சிவப்பு மூடி பாட்டில்களிலும் இரண்டிரண்டு மில்லி நைட்ரிக் அமிலம் ஊற்றிவைத்தேன். அமிலம் இல்லாவிட்டால் ஈயம் தண்ணீரில் நிற்காமல் பாட்டிலின் உட்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். கருவி தண்ணீரைத்தான் அளக்கும், சுவரை அளக்காது. ஃபர்சானா இரண்டு முறை சொன்னார்: "சிவப்பு மூடியை மட்டும் அலசாதீங்க. நேராப் பிடிங்க, மூடுங்க." இரண்டு முறை சொல்ல நாங்கள் என்ன ஒன்றாம் வகுப்பா?

ஜூன் 19, வியாழன்

நல்ல வெயில். புது மஞ்சள் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனேன். ஏழு இடங்களும் மதியம் மூன்று மணிக்குள் முடிந்தன.

முக்கியமான இடம் அங்குள்ள தொடக்கப் பள்ளி. அறுபத்து மூன்று பிள்ளைகள். பட்டறைக்குச் சீல் வைத்ததிலிருந்து பள்ளியின் ஆழ்குழாய்த் தண்ணீரை யாரும் தொடுவதில்லை. ஒன்று விட்டு ஒரு நாள் தண்ணீர் லாரி வருகிறது. சத்துணவுச் சமையலர் மயிலாத்தாள் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க அம்மிணி, வாசல்ல இருந்து கொடம் கொடமாச் சுமந்து இடுப்பே போச்சுங்க. லாரி வராத நாளைக்குப் புள்ளைக கை கழுவக்கூடத் தண்ணி இல்ல. இந்தக் கொழாயத் தொறக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க போதும்."

வார்த்தை நான் சொல்வதில்லை, கருவிதான் சொல்லும் என்றேன். மோட்டாரை ஓடவிட்டேன். இடைவேளை மணி அடித்துவிட்டதால் பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டார்கள். "இது என்ன டீச்சர்? அது எதுக்கு டீச்சர்?" டீச்சர் என்ற சொல் காதில் விழுந்து மூன்று மாதமாகிவிட்டது. நன்றாகத்தான் இருந்தது. நீல மூடி பாட்டிலைக் காட்டி, ஏன் அலச வேண்டும் என்று சின்னதாக ஒரு பாடமே நடத்தினேன். நான் அலச, அவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று கத்தி எண்ணினார்கள்.

அடுத்து சிவப்பு மூடியைத் திறந்தபோது மயிலாத்தாள் எட்டிப் பார்த்தார். "இதுக்குள்ள என்னமோ ஈரமா இருக்குதுங்களே. கழுவாமயா கொண்டாந்தீங்க? புள்ளைகளுக்கு மட்டும் அத்தனை சொன்னீங்க." பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே இருந்ததைக் கீழே கொட்டினேன். அவர்கள் மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று எண்ண, பளிச்சென்று அலசிப் பிடித்துக் காட்டினேன். "இப்பத்தான் சுத்தமா இருக்குது" என்று மயிலாத்தாளுக்குத் திருப்தி. ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். பெருங்காயம் தூக்கல்.

பள்ளிக்குப் பின்பக்கத் தோட்டத்துக் கிணறு உட்பட மற்ற ஆறு இடங்களில் வேடிக்கை பார்க்க ஆள் இல்லை. மளமளவென்று முடிந்தது.

ஜூன் 20, வெள்ளி

மாதிரிகளை வரவு வைக்கும் மேசையில் இன்று என் முறை. ஒவ்வொரு சிவப்பு மூடியையும் திறந்து, ஒரு சொட்டைச் சோதனைத் தாளில் விட்டு, தாள் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவந்தால் அமிலம் இருக்கிறது, கட்டத்தில் 'சரி' போடலாம். அமிலத்தை ஊற்றியவளே நான். ஊற்றியவளுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் அறுபது ரெக்கார்டு நோட்டை அரை மணி நேரத்தில் திருத்திய கை இது. பதினான்கு கட்டத்திலும் 'சரி' போட்டுக் கையெழுத்திட்டேன்.

ஜெபசிங் அப்போதுதான் இரண்டாவது மண் மாதிரியை எடை போட்டுக்கொண்டிருந்தான். "என்னக்கா, அதுக்குள்ள முடிச்சிட்டியளா?" என்று வாயைப் பிளந்தான். அனுபவம் தம்பி என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

துணி துவைத்தேன். மஞ்சள் சுடிதார் பேன்ட்டின் கீழ்ப்பக்கம் மிளகு அளவில் ஐந்தாறு பொத்தல்கள். ஒரே ஒரு நாள் உடுத்திய துணி. பூச்சி அரித்திருக்கும். பீரோவில் அந்துருண்டை போட வேண்டும். சின்ன வெங்காயம் தீர்ந்துவிட்டது.

ஜூன் 25, புதன்

ஈய அளவுகள் வந்துவிட்டன. குடிநீருக்கு வரம்பு லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம். பட்டறையை ஒட்டிய இடங்கள் எல்லாம் முப்பதுக்கு மேல். பள்ளியின் பின்பக்கத் தோட்டத்துக் கிணறு நாற்பத்தொன்று. பள்ளி ஆழ்குழாய் நான்கு. எனக்கு நிம்மதியாக இருந்தது. மயிலாத்தாளின் இடுப்பு தப்பித்தது.

ஃபர்சானா மட்டும் காகிதத்தை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "நூறடி தூரத்துல நாப்பத்தொண்ணு. இங்க நாலு. எப்படிங்க?" கிணறு எண்பது அடி, பள்ளிக் குழாய் அறுநூறு அடி, மேல்மண்ணில் இறங்கிய ஈயம் அவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்காது என்று விளக்கினேன். எழுதியும் கொடுத்தேன். படித்துப் பார்த்தவர், "பாட்டில்ல எதுவும் குழப்பம் இல்லையே?" என்று கேட்டார். வரவுப் பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். பதினான்கும் சரி. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

தொட்டிக்கரடு அறிக்கை போய்விட்டது. பள்ளித் தண்ணீர் பற்றிய குறிப்பில் நான் எழுதிய ஆழ விளக்கத்தை ஒரு வார்த்தை மாற்றாமல் சேர்த்திருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "மூணு பேர்ல ஒண்ணு நீதான்" என்றார்.

ஜூன் 30, திங்கள்

இன்று பள்ளிக் குழாயைத் திறந்துவிட்டார்களாம். மயிலாத்தாள் போன் செய்தார். "நம்ம தண்ணி நல்ல தண்ணின்னு பேப்பர்ல வந்துருச்சுங்க அம்மிணி. காலைல கொழாயடில சூடமே காட்டிட்டேன். நீங்க நல்லா இருக்கோணும்." நான் என்ன செய்தேன், கருவி சொன்னது என்றேன். ஆனாலும் நாள் முழுக்க அந்தக் குரல் காதில் இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூலை 2, புதன்

டெய்லர் கடைக்குப் போனேன். பொத்தலை மறைக்கக் கீழே பட்டி வைத்துத் தரச் சொன்னேன். டெய்லர் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பூச்சி இப்படி அரிக்காதுங்க. ஆசிட் தெறிச்சிருக்குது. பேட்டரிக் கடைக்காரங்க பேன்ட்டெல்லாம் இப்படித்தான் வருமுங்க. துவைச்சதுக்கு அப்பறந்தான் ஓட்டையே தெரியும்."

ஆய்வகத்தில் நீளக் கோட்டுப் போடாமல் நான் அமிலத்தைத் தொடுவதே இல்லை என்றேன். "அது உங்களுக்குத்தான் தெரியும்" என்று அளவு எடுத்துக்கொண்டார்.

அந்தச் சுடிதாரை ஆய்வகத்துக்குள் நான் உடுத்தவில்லை. தொட்டிக்கரட்டுக்குத்தான் உடுத்திக்கொண்டு போனேன்.

இட்லிக்கு அரிசி ஊறப்போட வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

அறிக்கை போன பிறகும் மாதிரிகளை ஒரு மாதம் வைப்பறையில் வைத்திருப்பார்கள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் உள்ளே போனேன். பள்ளி என்று நான் எழுதி ஒட்டிய சிவப்பு மூடியைத் திறந்து ஒரு சொட்டைத் தாளில் விட்டேன். சிவக்கவில்லை. இளம்பச்சை. இன்னொரு தாள். அதுவும் இளம்பச்சை. தோட்டத்துக் கிணற்றுப் பாட்டிலைத் திறந்தேன். விட்ட உடனே செக்கச் செவேல்.

இரண்டு மில்லி அமிலத்தை இப்போது ஊற்றிவிட்டால் பதிவேட்டில் நான் போட்ட 'சரி' உண்மையாகிவிடும். யாருக்கும் தெரியாது. பிப்பெட்டைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். யாரோ வரும் சத்தம் கேட்டதும் ஒரு காரணம்.

ஜூலை 4, வெள்ளி

தலைவலி. நாள் முழுக்க மண் சலித்தேன்.

ஜூலை 5, சனி

காலையில் ஃபர்சானாவின் அறைக்குப் போய் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"பள்ளிக்கூட பாட்டிலை அலசிட்டேன் மேடம். ஆசிட் போயிருச்சு. நாலுன்னு வந்தது உண்மையான அளவு இல்ல."

அவர் பதிவேட்டை எடுத்து என் கையெழுத்தைப் பார்த்தார். "அலசினது தப்புதான். யாருக்கும் நடக்கும். அதுக்குத்தானே மறுநாள் தாள்ல பாக்கச் சொல்றது. நீங்க பாத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"பதினாலுமா?"

"பதினாலும்."

"எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"வியாழக்கிழமை மத்தியானம்."

"அப்ப நேத்து..." என்று ஆரம்பித்தவர் போனை எடுத்துப் பள்ளித் தலைமையாசிரியையைக் கூப்பிட்டார். குழாயை உடனே மூடச் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை, ஆய்வகத்தின் தவறு என்றார்.

திங்கள் முதல் வியாழன் வரை பிள்ளைகள் அந்தத் தண்ணீரைக் குடித்தது எனக்குத் தெரியாமல் நடந்தது. வெள்ளிக்கிழமை குடித்தது எனக்குத் தெரிந்தே நடந்தது. தலைவலி என்று எழுதியிருக்கிறேன். பயம். வேலை போய்விடுமே என்ற பயம் பாதி. ஃபர்சானாவின் முன்னால் தலை குனிய வேண்டுமே என்பது மீதி.

ஜூலை 7, திங்கள்

சனிக்கிழமையே ஃபர்சானா பள்ளிப் பாட்டிலில் அமிலம் ஊற்றிவைத்திருந்தார். ஒரு நாள் முழுக்க ஊறினால் சுவரில் ஒட்டிய ஈயம் தண்ணீருக்குத் திரும்பிவிடும். இன்று மறுபடி அளந்தார்கள். முப்பத்தெட்டு. மற்ற பதின்மூன்று பாட்டில்களிலும் அமிலம் சரியாகவே இருந்தது. என் ஆழ விளக்கத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார்கள். 'பாட்டில் சுத்தமாக இல்லை என்று பள்ளிச் சமையலர் வற்புறுத்தியதால் அலச நேர்ந்தது' என்று எழுதினேன். பொய் ஒன்றும் இல்லை. அவர் சொன்னார்தானே. நாளை தொட்டிக்கரட்டுக்குப் போய்விட்டு வந்து கொடுத்தால் போதும் என்றார்கள். மடித்துப் பையில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

நானும் ஃபர்சானாவும் ஜெபசிங்கும் தொட்டிக்கரட்டுக்குப் போனோம். நான் வர வேண்டியதில்லை என்று சொன்னார்கள். வருகிறேன் என்றேன்.

தலைமையாசிரியை எங்களை வறுத்தெடுத்துவிட்டார். "நாங்க என்ன மிஷினைக் கண்டமா? நீங்க சீல் குத்திக் குடுத்த பேப்பரை நம்பித்தான தொறந்தோம்? பெத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?" ஐந்து நாளில் பெரிதாக ஏறியிருக்காது, ஆனாலும் பார்த்தே ஆக வேண்டும், சனிக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுப்பார்கள் என்று ஃபர்சானா சொன்னார். அலசியது நான்தான் என்றேன். தலைமையாசிரியை என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஃபர்சானாவின் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஜெபசிங் புது மாதிரி பிடிக்கப் போனான். நான் சமையலறைப் பக்கம் போனேன். லாரித் தண்ணீர்க் குடங்கள் வரிசையாக இருந்தன. மயிலாத்தாள் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். மறுபடி நறுக்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஈரமா இருக்குதுன்னு நான்தான வாயை வெச்சேன். அதுனாலதானுங்களா?"

பை என் மடியில்தான் இருந்தது.

"அது ஆசிட்டுங்க. உள்ள இருக்க வேண்டியதுதான். எனக்குத் தெரியும். உங்ககிட்டச் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா நான் பேசாமப் போயிருப்பனே."

"ஆமாங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன் சமையலர் ருசி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய பதிவேடு. சோறு, குழம்பு, முட்டை, தண்ணீர். ஜூன் முப்பதிலிருந்து ஜூலை நான்கு வரை விரலை வைத்துக் காட்டினார். ஐந்து கையெழுத்து, எல்லாம் கோணலும் மாணலுமாக.

"பாக்காமயே கையெழுத்துப் போட்டுட்டுப் போறவங்களும் இருக்கறாங்க. நான் அப்படி இல்லீங்க. மொதோ டம்ளர் நான்தான் குடிப்பேன். குடிச்சுப்போட்டு, கொஞ்ச நேரம் ஒக்காந்து பாத்துட்டுத்தான் புள்ளைகளுக்கு ஊத்துவேன். அஞ்சு நாளும் பாத்தனுங்க அம்மிணி. நல்லாத்தான் இருந்துச்சு."

இந்த அளவு ஈயத்துக்கு ருசியே கிடையாது. அங்கேயே அழுதுவிட்டேன். மயிலாத்தாள் "அட உடுங்க, அடுப்படில ஒக்காந்து அழுவாதீங்க" என்றார். அவர் குரலிலும் கோபம் இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

ஜூலை 9, புதன்

ஆய்வகத்தில் எழுதிய எதையும் கிழிக்கக் கூடாது. சமையலர் வற்புறுத்தியதால் என்ற வரியை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டு, கீழே வேறு எழுதினேன்: 'பாட்டிலில் இருந்தது அமிலம் என்று எனக்குத் தெரியும். பலர் முன்னால் அதைச் சொல்ல வெட்கப்பட்டுக் கொட்டிவிட்டேன். மறுநாள் ஒரு மூடியைக்கூடத் திறக்காமல் பதினான்கு முறை சரி என்று எழுதினேன். தெரிந்த பிறகும் ஒன்றரை நாள் சொல்லவில்லை.'

ஃபர்சானா இரண்டு முறை படித்தார். "வெட்கம்னெல்லாம் எழுதணுமா? ஆடிட்டுக்கு வர்றவங்க படிப்பாங்க."

"காரணம்னு கேட்டிருக்காங்க மேடம். அதுதான் காரணம்."

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். என் வேலை விஷயத்தை நிர்வாகம்தான் முடிவு செய்யும், அவரால் ஒன்றும் சொல்ல முடியாது, மாதிரி எடுக்க இனி என்னை அனுப்ப மாட்டார்கள் என்றார். மூன்று பேரில் ஒருத்தியாக இருக்க மாட்டேன் என்பது புரிந்துவிட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இன்று சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை ரத்தப் பரிசோதனைக்கான பட்டியல் மேசைமேல் இருந்தது. சுகாதார நிலையத்துக்கு இன்றே அனுப்ப வேண்டுமாம். அறுபத்து மூன்று பெயர்கள், எல்லாம் பிள்ளைகள். ஃபர்சானாவிடம் கேட்டுக்கொண்டு, அறுபத்து நான்காவதாக மயிலாத்தாள் என்று எழுதினேன். பக்கத்தில் வயதுக்கு ஒரு கட்டம். ஐம்பது இருக்கும் என்று பேனாவைக் கொண்டுபோய்விட்டேன். நிறுத்திவிட்டு, போன் செய்து கேட்டேன்.

"அம்பத்தி மூணுங்க" என்றார். எழுதினேன்.